010.8.8.8 யாரோட அட்ரஸ்? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை சுத்தித்தான் வருது. ஐபி அட்ரஸை, அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கிற முகவரியை, டெக்ஸ்டா வாங்கி அதை நம்பரா மாத்துற ஃபங்ஷன். இப்படி மாத்துறதைத்தான் பார்ஸ் பண்றதுன்னு சொல்வாங்க. பார்க்க பத்து லைன் வேலை மாதிரி இருக்கும், ஆனா பெரிய பெரிய மொழிகளே இதுல வழுக்கியிருக்கு, அதனால இந்த பக்கம் முழுக்க அதுக்கே கொடுத்துட்டேன். பிரிண்டர் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

சார், ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து சின்னதா ஒரு ப்ரோகிராமிங் மொழி எழுதுறோம். அதோட ஸ்டாண்டர்ட் லைப்ரரில ஐபி அட்ரஸ் பார்ஸ் பண்ற ஃபங்ஷன் வைக்கணும். புள்ளியில வெட்டி, நாலு துண்டையும் நம்பரா மாத்தி, 0-ல இருந்து 255-க்குள்ள இருக்கான்னு பார்த்தா முடிஞ்சுதுன்னு நினைச்சோம். எங்க கைடு "ஸ்பெஷல் கேஸ் எல்லாம் யோசிச்சீங்களா"ன்னு கேட்டுட்டு போயிட்டாரு. என்ன ஸ்பெஷல் கேஸ் இருக்கு இதுல?
– இன்ஜினியரிங் மாணவர், திருநெல்வேலி

உங்க கைடு நல்ல ஆளு தம்பி, பதிலை சொல்லாம போனதும் நல்லதுதான்.

முதல்ல 010.8.8.8-ஐ எடுத்துக்கோங்க. நீங்க சொன்ன மாதிரி வெட்டி நம்பராக்கினா 10.8.8.8 வரும். 10-ல ஆரம்பிக்கிறது எல்லாம் பிரைவேட் அட்ரஸ், அதாவது ஆபீஸ் உள்ளுக்குள்ள இருக்கிற மெஷின். இதே டெக்ஸ்டை லினக்ஸ்ல பழைய சி ஃபங்ஷன் ஐநெட்_ஏடூஎன் கிட்ட கொடுத்தா அது 8.8.8.8-ன்னு படிக்கும், அது கூகுளோட பப்ளிக் டிஎன்எஸ் சர்வர், அதாவது வெப்சைட் பேரை ஐபியா மாத்தி சொல்ற மெஷின். முன்னாடி ஜீரோ வந்தா சி மொழியில அது ஆக்டல், எட்டடிமான எண், 010-ன்னா எட்டு. டெக்ஸ்ட்ல ஒரு எழுத்து கூட மாறல, ஆனா ஒருத்தருக்கு அது உள்வீடு, இன்னொருத்தருக்கு அது வெளிஊர்.

இந்த பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1980-கள்ல பிஎஸ்டி யூனிக்ஸ்ல இருந்து வந்தது. அந்த ஃபங்ஷன் நாலு துண்டு இருந்தே ஆகணும்னு அடம் பிடிக்காது. மூணு துண்டு கொடுத்தா கடைசி துண்டை 16 பிட்டா எடுத்துக்கும், ரெண்டு துண்டுன்னா கடைசிதை 24 பிட்டா எடுத்துக்கும், ஒரே நம்பரா கொடுத்தா முழு 32 பிட்டும் அதுதான். அப்போ நெட்வொர்க் எல்லாம் கிளாஸ் ஏ, கிளாஸ் பின்னு பிரிச்சிருந்தாங்க, அதனால "நெட்வொர்க் நம்பர், ஹோஸ்ட் நம்பர்"னு ரெண்டே துண்டா எழுதறது வசதியா இருந்துச்சு, அன்னைக்கு அதுக்கு அர்த்தம் இருந்துச்சு, இன்னைக்கு யாருக்கும் அது தேவையில்ல, ஆனா இன்னமும் வேலை செய்யுது. நம்பலைன்னா லினக்ஸ்ல பிங் 127.1-ன்னு அடிச்சு பாருங்க, உங்க மெஷினே பதில் சொல்லும். 0177.0.0.1-ம் அதேதான், 0எக்ஸ்7எஃப்000001-ம் (இது ஹெக்ஸ், பதினாறடிமான எண்) அதேதான், 2130706433-ம் அதேதான். எல்லாமே 127.0.0.1-க்கு, அதாவது மெஷின் தன்னைத்தானே கூப்பிடுற லூப்பேக் அட்ரஸுக்கு, வேற வேற வேஷம்.

இப்போ உங்க முன்னாடி மூணு வழி இருக்கு. ஜீரோவை தூக்கிப்போட்டுட்டு டெசிமலா படிக்கலாம், சி மாதிரி ஆக்டலா படிக்கலாம், இல்ல "இது தப்பு"ன்னு திருப்பி அனுப்பலாம். முதல் வழிதான் எல்லாரும் முதல்ல எடுத்தது, மனுஷன் கண்ணுக்கு அதுதான் நியாயமா படுது. 2021-ல வரிசையா மாட்டினாங்க. மார்ச்ல என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கு) இருக்கிற நெட்மாஸ்க்-ங்கற பேக்கேஜ், அப்புறம் பைத்தானோட ஐபிஅட்ரஸ் மாட்யூல், ரஸ்ட், கோ மொழிகள், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி புகார், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சிவிஇ நம்பர் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு கொடுக்கிற பொது அடையாள எண்). ரஸ்ட் 1.53-லயும் கோ 1.17-லயும் பைத்தான் 3.9.5-லயும் எடுத்த முடிவு ஒண்ணுதான்: முன்னாடி ஜீரோ இருந்தா எரர்.

நீங்களும் அதையே பண்ணுங்க. "நான் டெசிமலா படிக்கிறது தப்பே இல்லையே"ன்னு தோணும், உங்க ஃபங்ஷனை மட்டும் தனியா பார்த்தா தப்பு இல்லதான். ஆனா ஒரே லெட்டரை ரெண்டு போஸ்ட்மேன் ரெண்டு வீட்டுல போட்டா எவன் சரியா படிச்சான்னு விவாதம் பண்ணி என்ன பிரயோஜனம்? ரெண்டு விதமா படிக்க இடம் இருக்கிற டெக்ஸ்டை வாங்காம இருக்கிறதுதான் ஒரே வழி.

கோடு எழுதும்போது புள்ளியில வெட்டாதீங்க, எழுத்து எழுத்தா நடந்து போங்க. கையில இப்போதைய மதிப்பு, இந்த துண்டுல எத்தனை இலக்கம் வந்துச்சு, எத்தனையாவது துண்டு, இந்த மூணு போதும். இலக்கம் வந்தா: ஏற்கெனவே ஒரு இலக்கம் வந்து அது ஜீரோவா இருந்தா அங்கயே எரர். இல்லைன்னா பழைய மதிப்பை பத்தால பெருக்கி கூட்டுங்க, 255-ஐ தாண்டுற நொடியே எரர், கடைசி வரைக்கும் காத்திருந்தா பெரிய நம்பர் கொடுத்து ஓவர்ஃப்ளோ பண்ணிடுவாங்க. புள்ளி வந்தா: இலக்கமே வராத துண்டுன்னா எரர், மூணு புள்ளிக்கு மேல வந்தா எரர். வேற எந்த எழுத்து வந்தாலும் எரர். முடியும்போது சரியா நாலு துண்டு இருக்கணும், கடைசி துண்டு காலியா இருக்கக்கூடாது. தனியா நிக்கிற ஒத்த ஜீரோ மட்டும் செல்லும், அதை மறந்துட்டு 10.0.0.1-ஐயே ரிஜெக்ட் பண்ணிடாதீங்க.

ஸ்ட்ரிக்டா ரிஜெக்ட் பண்ணுன்னு சொல்றது ஈஸி. எங்க கம்பெனில பழைய சாஃப்ட்வேர் எல்லா ஐபியையும் 192.168.001.005-ன்னு மூணு இலக்கமா நிரப்பித்தான் சேவ் பண்ணுது, லிஸ்ட்ல வரிசையா அழகா வரணும்னு யாரோ அப்போ பண்ணது. மொழியோட புது வெர்ஷனுக்கு மாறின அன்னைக்கே எல்லாம் படுத்துருச்சு. இது நியாயமா?
– மென்பொருள் துறை வாசகர், கோவை

உங்க கோபம் புரியுது, அதுலயும் பைத்தான் பண்ணது கொஞ்சம் குழப்பம்தான். அது ரெண்டு தடவை மாறுச்சு. 3.8-க்கு முன்னாடி ஒரு அரைகுறை விதி இருந்துச்சு: முன்னாடி ஜீரோ இருக்கலாம், ஆனா மதிப்பு 7-க்குள்ள இருந்தா மட்டும். ஏன்னா 7 வரைக்கும் ஆக்டலா படிச்சாலும் டெசிமலா படிச்சாலும் ஒரே விடை. 2019-ல வந்த 3.8-ல அந்த விதியையும் எடுத்துட்டு எல்லா ஜீரோவையும் விட்டுட்டாங்க. 2021 மே மாசம் 3.9.5-ல ஒரேயடியா கதவை சாத்திட்டாங்க, அதுவும் கடைசி இலக்கம் மட்டும் மாறுற சின்ன ரிலீஸ்ல. உங்களை மாதிரி ஆளுங்க அலறினதுல ஆச்சரியமே இல்ல.

இதுல எனக்கு பிடிக்காதது அந்த பழைய அரைகுறை விதிதான். கணக்குப்படி அது அப்பழுக்கில்லாதது. ஆனா நடைமுறையில யோசிங்க, உங்க ஆபீஸ்ல 192.168.001.001-ல இருந்து .007 வரைக்கும் ஏழு மெஷின் சேர்க்குறீங்க, எல்லாம் ஓடுது, டெஸ்ட் எல்லாம் பாஸ், எட்டாவது மெஷின் வாங்கி .008-ன்னு போடுறீங்க, அன்னைக்கு எரர் வருது. எவனுக்காவது காரணம் புரியுமா? முதல் நாளே மொத்தமா மறுக்கிற ஃபங்ஷன் எவ்வளவோ மேல்.

உங்க டேட்டாவுக்கு வழி இருக்கு. அந்த ஜீரோ எல்லாம் வெறும் நிரப்பல்தான், ஆக்டல் இல்லைன்னு உங்களுக்கு தெரியும், ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு தெரியாது. அதனால தெரிஞ்சவங்க நீங்க, ஜீரோவை உரிச்சு போடுற சின்ன ஃபங்ஷன் ஒண்ணை உங்க கோடுல எழுதி, டேட்டாபேஸை ஒரு தடவை ஓட்டி மாத்திடுங்க. வரிசை அழகுக்கு டிஸ்ப்ளே பண்ற இடத்துல நிரப்பிக்கலாம். மொழி டிசைன் பண்றவங்களும் இதுல கவனிக்கணும், ஒரே ஃபங்ஷனுக்கு "ஸ்ட்ரிக்ட் ட்ரூ, ஃபால்ஸ்"னு ஆப்ஷன் வைக்காதீங்க, ஆளாளுக்கு ஃபால்ஸ் போட்டுட்டு போயிடுவாங்க. பழைய முறையை கட்டாயம் கொடுக்கணும்னா அதுக்கு வேற பேர்ல தனி ஃபங்ஷன், பேரை பார்த்தாலே இது பழசுன்னு தெரியற மாதிரி.

பார்ஸ் ஆகலைன்னா 0.0.0.0-ன்னு திருப்பி கொடுத்துடறோம். அப்படி ஒரு மெஷின் இருக்காதுல்ல?
– ஒரு வாசகர், சென்னை

ஐயையோ. 0.0.0.0-க்கு அர்த்தம் இருக்கு. சர்வர் அதுல லிசன் பண்ணா "இந்த மெஷினோட எல்லா நெட்வொர்க் கார்டுலயும் காது கொடு"ன்னு அர்த்தம். யாரோ கான்ஃபிக் ஃபைல்ல 127.0.0.1-ஐ தப்பா டைப் பண்றாங்க, உங்க ஃபங்ஷன் சத்தமே போடாம 0.0.0.0 கொடுக்குது, உள்ளுக்குள்ள மட்டும் இருக்க வேண்டிய டேட்டாபேஸ் ஊர் முழுக்க திறந்து கிடக்கும்.

இதுக்கு முன்னோடியும் இருக்கு. சி-ல ஐநெட்_அட்ரஸ்-ங்கற பழைய ஃபங்ஷன் தப்பான டெக்ஸ்ட் வந்தா மைனஸ் ஒண்ணு திருப்பும். 32 பிட்டுல மைனஸ் ஒண்ணுன்னா எல்லா பிட்டும் ஒண்ணு, அதாவது 255.255.255.255. அது செல்லுபடியாகிற பிராட்காஸ்ட் அட்ரஸ்! சரியா 255.255.255.255 கொடுத்தாலும் "தப்பு"ங்குது, தப்பா எதையாவது கொடுத்தாலும் அதேதான். இன்னைக்கு மேன்பேஜ்லயே இந்த ஃபங்ஷனை தவிர்த்துடுங்கன்னு எழுதியிருக்கு.

தோல்வின்னா அது மதிப்புகளுக்கு வெளிய இருக்கணும். ரஸ்ட்ல ரிசல்ட் டைப், பைத்தான்ல வேல்யூ எரர், கோ-வோட பழைய பார்ஸ்ஐபி நில் (ஒண்ணுமில்ல) கொடுக்கும், புதுசு எரரே கொடுக்கும். புதுசுதான் நல்லது, ஏன்னா நில் வந்தா எங்க தப்புன்னு தெரியாது. எரர் மெசேஜ்ல எந்த டெக்ஸ்ட், எந்த இடம், ஏன்னு மூணும் சொல்லுங்க. "இன்வேலிட் ஐபி"ன்னு மட்டும் சொல்ற லைப்ரரியோட ராத்திரி ரெண்டு மணிக்கு மல்லுக்கட்டினவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஐபிவி6 அட்ரஸோட போர்ட் நம்பரும் சேர்ந்து வந்தா எப்பிடிப் பிரிக்கிறது எண்டு விளங்கேல்ல. கடைசியா வாற கோலன்ல பிரிச்சா சரிதானே அண்ணா?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

சரி வராது தங்கச்சி. இதுவரை பேசின நாலு துண்டு அட்ரஸ் ஐபிவி4. ஐபிவி6-ங்கறது கோலன் போட்டு எட்டு துண்டா எழுதற நீள அட்ரஸ், ரெட்டை கோலன்னா அங்க வர்ற ஜீரோ துண்டுகளை சுருக்கினது. போர்ட்டுன்னா அந்த மெஷின்ல எந்த சர்வீஸ்ங்கற நம்பர். 2001:டிபி8::1:8080-ன்னு ஒண்ணு வருதுன்னு வைங்க. 8080 போர்ட்டா? இல்ல அட்ரஸோட கடைசி துண்டா? ரெண்டுமே செல்லும், ஏன்னா 8080-ம் நாலு இலக்க ஹெக்ஸ் நம்பர்தான். அதனாலதான் சதுர அடைப்புக்குறி வந்துச்சு, [2001:டிபி8::1]:8080-ன்னு எழுதணும். யுஆர்எல்-க்கு 1999-லயே இதை விதியாக்கிட்டாங்க. உங்க ஃபங்ஷன்ல அடைப்புக்குறி இல்லாம ஒண்ணுக்கு மேல கோலன் வந்தா எரர் கொடுங்க, யூகிக்க வேண்டாம். பிரிக்க ஒரு ஃபங்ஷன் வைக்கிற மாதிரி சேர்க்கவும் ஒண்ணு வைங்க. இல்லைன்னா ஆளுங்க ஸ்ட்ரிங்கையும் கோலனையும் கூட்டி ஒட்டுவாங்க, ஐபிவி4-ல ஓடும், ஐபிவி6 வந்த அன்னைக்கு உடையும். கோ-ல ரெண்டும் ஜோடியா இருக்கு, அது நல்ல டிசைன்.

ஐபிவி6-ல ஜீரோ பிரச்சினை கிடையாது, எல்லாமே ஹெக்ஸ்தான், 0010-ன்னு எழுதினா சந்தேகத்துக்கே இடமில்ல. ஆனா ஒரு துண்டுக்கு நாலு இலக்கத்துக்கு மேல வரக்கூடாது. ரெட்டை கோலன் ஒரே தடவைதான் வரலாம், ரெண்டு தடவை வந்தா எதுல எத்தனை ஜீரோன்னு தெரியாது. இன்னொண்ணு பல பேர் விடுறது, ஏற்கெனவே எட்டு துண்டும் இருக்கும்போது நடுவுல ரெட்டை கோலன் வந்தா அது விரிய இடமே இல்ல, அதுவும் எரர்தான். திருப்பி டெக்ஸ்டா எழுதும்போது 2010-ல வந்த ஆர்எஃப்சி 5952 (இன்டர்நெட் விதி ஆவணம்) சொல்றபடி எழுதுங்க: சின்ன எழுத்து, முன்னாடி ஜீரோ வேண்டாம், நீளமான ஜீரோ வரிசையைத்தான் சுருக்கணும், சம நீளம்னா முதல்ல வர்றதை, ஒத்தை ஜீரோ துண்டை சுருக்கக்கூடாது. இல்லைன்னா ஒரே அட்ரஸ் லாக்ல நாலு விதமா இருக்கும், தேடினா கிடைக்காது.

அப்புறம் எஃப்இ80::1%ஈத்0 மாதிரி பின்னாடி சதவீத குறி போட்டு வர்றது, அது ஸோன். எஃப்இ80-ல ஆரம்பிக்கிற அட்ரஸ் அந்தந்த கேபிளுக்குள்ள மட்டும் செல்லும், எந்த கார்டு வழியா போகணும்னு சொன்னாத்தான் அர்த்தம். ஸோனை தூக்கிப்போட்டுட்டு ஒப்பிட்டா ரெண்டு வேற மெஷினை ஒண்ணுன்னு சொல்லிடுவீங்க. பைத்தான் இதை 3.9-லதான் ஏத்துக்க ஆரம்பிச்சுது.

எல்லாத்துலயும் மோசமானது ஐபிவி6 வேஷம் போட்ட ஐபிவி4. ::எஃப்எஃப்எஃப்எஃப்:127.0.0.1. இதையும் 127.0.0.1-ஐயும் ஒண்ணா பார்க்கறதா, வேற வேறயா பார்க்கறதா? கோ-வோட பழைய டைப் ரெண்டையும் ஒரே 16 பைட்டா வைக்கும், எது எப்படி வந்துச்சுன்னு பின்னாடி கண்டுபிடிக்கவே முடியாது. 2022-ல 1.18-ல வந்த புது நெட்ஐபி பேக்கேஜ் ரெண்டையும் பிரிச்சு வெச்சுது, அதுதான் சரி. ஆனா அதுலயே ஒரு ஓட்டை விழுந்துச்சு: "இது லூப்பேக்கா", "இது பிரைவேட்டா"ன்னு கேட்கற ஃபங்ஷன்கள் அந்த வேஷத்தை கலைக்காம பார்த்து "இல்ல"ன்னு பதில் சொல்லிடுச்சு. 2024 ஜூன்ல 1.22.4-லதான் அடைச்சாங்க. பார்ஸ் பண்ற இடத்துல பிரிச்சு வைங்க, கேள்வி கேட்கற இடத்துல வேஷத்தை கலைச்சுட்டு பதில் சொல்லுங்க. அந்த வாலுல வர்ற ஐபிவி4-க்கும் ஜீரோ விதி பொருந்தும், அதே ஃபங்ஷனை கூப்பிட்டா போதும், தனியா இன்னொண்ணு எழுதாதீங்க.

ரெகெக்ஸ் ஒரு லைன்ல முடிச்சுடுமே, எதுக்கு இவ்வளவு?
– பெயர் போடாத வாசகர்

போடுங்களேன், ரெகெக்ஸ்ங்கறது டெக்ஸ்ட் எந்த வடிவத்துல இருக்குன்னு ஒப்பிட்டு பார்க்கற குறியீடுதானே. ஆனா பைத்தான்ல டாலர் குறி போட்டு முடிச்சா கடைசியில ஒரு நியூலைன் இருந்தாலும் பாஸ் ஆயிடும், தெரியுமா? அப்புறம் இலக்கத்துக்கு போடுற பேக்ஸ்லாஷ் டி, யூனிகோடுல இருக்கிற எல்லா மொழி இலக்கத்தையும் ஏத்துக்கும். நம்ம ௧௨௭.௦.௦.௧-ம் பாஸ். பைத்தானோட இன்ட் ஃபங்ஷன்ல ௧௨௭ கொடுத்து பாருங்க, சந்தோஷமா 127 வரும். தமிழனா எனக்கு பெருமைதான், ஐபி அட்ரஸ்ல மட்டும் வேண்டாம். பைத்தானோட சொந்த ஐபிஅட்ரஸ் மாட்யூல் இதுக்காகவே ஆஸ்கி இலக்கம்தானான்னு முதல்ல பார்த்துட்டுத்தான் நம்பரா மாத்துது.

ஸ்பேஸ் விஷயமும் இதேதான். லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சி ரொம்ப காலமா "127.0.0.1"-க்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டு என்ன குப்பை இருந்தாலும் சரின்னு வாங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கும் ஒரு சிவிஇ உண்டு. முன்னாடி பின்னாடி இருக்கிற ஸ்பேஸை வெட்டறது கூப்பிடுறவங்க வேலை, பார்சரோட வேலை இல்ல.

எங்க வெப்சைட்ல யூசர் கொடுக்கற லிங்க்ல இருந்து படத்தை எங்க சர்வர் போய் எடுத்துட்டு வரும். 127.0.0.1, 10, 192.168-ல ஆரம்பிக்கிறது எல்லாத்தையும் தடுத்து வெச்சிருக்கோம். அப்படியும் டெஸ்டிங்குக்கு வந்தவர் 2130706433-ன்னு போட்டு உள்ள போயிட்டாரு. எதை விட்டுட்டோம்?
– வெப் டெவலப்பர், பெங்களூரு

டெக்ஸ்டோட ஆரம்பத்தை பார்த்து தடுத்திருக்கீங்க, அதான் சிக்கல். அந்த நம்பரை உங்க செக் "இது ஐபியே இல்ல, ஏதோ பேரு"ன்னு விட்டுடுச்சு, பின்னாடி கனெக்ட் பண்ற லைப்ரரி பிஎஸ்டி காலத்து விதிப்படி படிச்சு 127.0.0.1-க்கு போயிடுச்சு. பிரவுசர்களும் யுஆர்எல்ல இதையே பண்ணுது, அவங்க ஸ்டாண்டர்ட்லயே அப்படித்தான் இருக்கு, பழைய வெப் பேஜ் உடையக்கூடாதுன்னு. தடுப்பு லிஸ்ட்ல 172.16-ல இருந்து 172.31 வரைக்கும் இல்லையே, 169.254.169.254-ம் இல்லையே. கிளவுட்ல இருந்தீங்கன்னா அந்த கடைசி அட்ரஸ்லதான் மெட்டாடேட்டா சர்வீஸ், அதுல சாவியே கிடைக்கும்.

செய்ய வேண்டியது: லிங்க்ல இருக்கிற ஹோஸ்டை நீங்களே ரிசால்வ் பண்ணுங்க, வர்ற ஐபியை மதிப்பா வாங்குங்க, அந்த மதிப்பை செக் பண்ணுங்க, அதே மதிப்புக்கு கனெக்ட் பண்ணுங்க. செக் பண்ணிட்டு பழைய டெக்ஸ்டை திரும்ப லைப்ரரி கையில கொடுக்கவே கூடாது, அது மறுபடி டிஎன்எஸ் கேட்கும், ரெண்டாவது தடவை வேற பதில் வரலாம், அதுக்குன்னே டிஎன்எஸ் செட் பண்ணி வெச்சு விளையாடுறவங்க இருக்காங்க. ரீடைரக்ட் வந்தா மறுபடி முதல்ல இருந்து. கோ 1.17 ரிலீஸ் நோட்ல ஜீரோ மாற்றத்துக்கு சொன்ன காரணமும் இதேதான்: கோ-ல செக் பண்ணிட்டு, அதே டெக்ஸ்டை ஆக்டலா படிக்கிற வேற ப்ரோகிராமுக்கு அனுப்பினா என்ன ஆகும்னுதான் அவங்க யோசிச்சாங்க. மொழி எழுதுற திருநெல்வேலி தம்பிகளும் இதை கவனிங்க, உங்க கனெக்ட் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை மட்டும் வாங்காம ஐபி டைப்பையும் நேரடியா வாங்கணும். இல்லைன்னா பார்ஸ் பண்ணதை ஜனங்க திரும்ப ஸ்ட்ரிங்காக்கித்தான் கொடுப்பாங்க.

192.168.1.5/24-ங்கறது சரியா தப்பா? பைத்தான் எரர் காட்டுது, கோ வாங்கிக்குது.
– நெட்வொர்க் அட்மின், திருச்சி

எதை கேட்கறீங்கன்றதை பொறுத்தது. /24-ன்னா முதல் 24 பிட் நெட்வொர்க்குக்கு, மிச்ச 8 பிட் அதுல இருக்கிற மெஷினுக்கு. நெட்வொர்க்கா பார்த்தா 192.168.1.0/24-ன்னு இருக்கணும், 5 அங்க உட்கார இடமில்ல, பைத்தானோட ஐபி நெட்வொர்க் ஃபங்ஷன் அதைத்தான் சொல்லுது. ஸ்ட்ரிக்ட் ஃபால்ஸ் போட்டா அந்த 5-ஐ துடைச்சுட்டு வாங்கிக்கும், மேல நான் திட்டின அதே ஆப்ஷன்தான், இங்க பரவாயில்ல, விடை ரெண்டு விதமா வராது. இன்டர்ஃபேஸா பார்த்தா, அதாவது "இந்த கார்டோட ஐபி 5, நெட்வொர்க் /24"-ன்னா, அதே டெக்ஸ்ட் முழுக்க சரி, பைத்தான்ல அதுக்கு ஐபி இன்டர்ஃபேஸ்னு தனியா இருக்கு. கோ-வோட பார்ஸ்சிஐடிஆர் ஐபியையும் நெட்வொர்க்கையும் ரெண்டா பிரிச்சு கையில கொடுத்துடும். ஃபயர்வால் ரூல் எழுதறவங்க பைத்தான் வழியை எடுங்க: அந்த 5 பெரும்பாலும் யாரோ /32-ன்னு போட நினைச்சு /24-ன்னு போட்டதாத்தான் இருக்கும், எரர் வந்தாத்தான் கண்ணுல படும்.